காட்டன்வுட் கூட்டமைப்பின் நான்காம் விதி

1

எட்டுப் பக்கத்துக்குள் அடங்க வேண்டிய ஒரு வரலாற்றிலிருந்து வழிந்து சிந்தியது இந்தக் கதை. காட்டன்வுட் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்புக்கு நூறு வயது நிறைகிறது. விழா மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொல்லி மார்லிஸ் கேட்டாள். மார்லிஸ் ஹ்ரூபி, எங்கள் செயின்ட் ப்ரோகோப் கல்லூரியின் விளையாட்டு இயக்குநர். நான் அதே கல்லூரியில் புள்ளியியல் வாத்தியார். கூடைப்பந்து மாட்ச் நடக்கும் நாட்களில் கடிகாரத்தை ஓட்டுகிறவன்.

"நீங்க இந்த ஊர்க்காரரும் இல்ல, வெளியூர்க்காரரும் இல்ல. உங்களுக்கு யார் மேலயும் பழைய கோவம் கிடையாது. நீங்களே எழுதிடுங்க," என்றாள்.

அது தப்பு. பெக்விட் கல்லூரி மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. (காரணத்தை இங்கே எழுதி, பிறகு அடித்துவிட்டேன். ஒரு நடுவர், ஒரு விசில், நான் சரியாக நிறுத்திய ஒரு கடிகாரம். போகட்டும்.)

ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். தொடங்கிய வருஷம், சேர்ந்த கல்லூரிகள், விலகிய கல்லூரிகள், கோப்பைகள். எதிலும் பிழை இல்லை. ஆனால் போன பிப்ரவரியில் வந்த ஒரு சனிக்கிழமைக்கு அந்த எட்டுப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. என்னால் அதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை.

ஏன் தமிழில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நெப்ராஸ்காவில் பெருமை பேசுவதும் நாலு பேர் முன்னால் மூக்கு நோண்டுவதும் ஒன்று. ஆங்கிலத்தில் பெருமை பேசினால் மறுநாள் தபால் நிலையத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தமிழில் பேசினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆகவே இங்கே வயிறாரப் பெருமை பேசப் போகிறேன்.

2

முதல் தொடக்கம்: "அன்றைய பனிப்புயலில் நான்கு கல்லூரிகளின் மாணவர்கள் ஒரே ரயில் நிலையத்தில்—"

வேண்டாம். இந்த ஊர்ப்பக்கம் எந்த வரலாற்றை எடுத்தாலும் பனிப்புயலில்தான் தொடங்குகிறது.

இரண்டாம் தொடக்கம்: "அந்தச் சனிக்கிழமை காலை கண்விழித்தபோது மார்லிஸின் மனம் ஏதோ ஒரு—"

இதை மார்லிஸிடமே வாய்மொழியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்துவிட்டாள். "காலைல எந்திரிச்சப்போ மனசாவது ஒண்ணாவது. முழங்கால் வலிதான் இருந்துச்சு. எழுதறதுன்னா அத எழுதுங்க."

எழுதிவிட்டேன். முழங்கால் வலித்தது.

மூன்றாம் தொடக்கமாக உறுப்பினர்களை வரிசையில் நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். ஆறு கல்லூரிகள்தான். வெஸ்டன்டார்ப், டச்சுக்காரர்களுடையது, ஞாயிற்றுக்கிழமை பந்தைத் தொடமாட்டார்கள். அவர்களுக்காகவே நூறு வருஷமாக யாருமே ஞாயிற்றுக்கிழமை ஆடுவதில்லை. நெல்சன்வில், நார்வேக்காரர்கள், ஜெயித்தால் வந்து மன்னிப்புக் கேட்பார்கள். லோன் எல்ம், விவசாயிகள் சேர்ந்து கட்டியது. ஒரு காலத்தில் அவர்கள் அணி முழுக்க அண்ணன் தம்பிகளும் ஒன்றுவிட்ட சகோதரர்களும்தான். பெக்விட் பற்றிச் சொல்லிவிட்டேன். ஆர்லண்ட், வசதியான இடம், நீச்சல்குளம்கூட உண்டு. கடைசியில் நாங்கள், செக் நாட்டுத் துறவிகள் கட்டிய செயின்ட் ப்ரோகோப், ஆறில் சின்னது.

வேறு சிலரும் இருந்தார்கள். சில கல்லூரிகள் மூடிப்போயின, சில தாங்களே விலகின. ஆனால் இந்த நூறு வருஷத்தில் காட்டன்வுட் யாரையும் வெளியேற்றியது கிடையாது. தொடர்ந்து ஒன்பது வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத கல்லூரியையும் வைத்துக்கொண்டார்கள். (இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நான் இதுவரை ஒரு பந்தைக்கூட எறிந்தவனில்லை.)

3

இப்போது நான்காம் விதி. கொஞ்சம் கட்டுரை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் ஊரில் ஆட்டமோ அவர்கள், ஜெயித்தாலும் தோற்றாலும், வந்த அணிக்குச் சாப்பாடு போட வேண்டும். பந்தியில் இந்த அணியில் ஒருவர், அந்த அணியில் ஒருவர் என்று மாற்றி மாற்றி உட்கார வேண்டும். பாத்திரம் கழுவுவது விருந்தாளிகள் வேலை. கூட்டமைப்பை விட்டு விலக நினைக்கும் கல்லூரி அதைக் கடிதத்தில் எழுதி அனுப்பிவிட்டு ஒதுங்க முடியாது. அந்தக் கல்லூரியின் தலைவரே வந்து, ஆட்டப் பருவத்தின் கடைசிச் சாப்பாட்டில், ஆட்டக்காரர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விருந்து கொடுக்கிறவர் மூன்று தடவை கேட்க வேண்டும். மூன்றாம் தடவை சொல்வதுதான் செல்லும். அது நடக்கவில்லை என்றால் விலகல் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

ஏன் மூன்று? இங்குள்ளவர்களின் சுபாவம் தெரிந்தால் புரிந்துவிடும். ஒரு வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்பார்கள். அது மரியாதைக்கு. மறுபடி கேட்டாலும் வேண்டாம்தான். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று அர்த்தம். மூன்றாம் தடவை கேட்டால்தான் நிஜப் பதில் வரும். முதல் வேண்டாமை நம்பிப் பாத்திரத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போகிறவனை இங்கே கருமி என்பார்கள். (எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியிலும் இதே சட்டம்தான். நாம் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.)

இந்த விதி ஒரு தடவை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. எங்கள் ஜிம், அதாவது ஆட்டம் நடக்கும் உள்ளரங்கம், எரிந்துபோன வருஷம். பந்தி போட இடமில்லாதவன் கூட்டமைப்பில் இருக்கக் கூடாது என்று எங்கள் துறவிகளுக்கு ரோஷம். அப்போது கல்லூரித் தலைவராக இருந்த பாதிரியார் ஆர்லண்டின் பந்தியில் எழுந்து, விலகிக்கொள்கிறோம் என்றார். ஆர்லண்டுக்காரர்கள் இரண்டு தடவை கேட்டார்கள். இரண்டு தடவையும் அதையே சொன்னார். மூன்றாம் தடவை கேட்டபோது அதைச் சொல்லாமல் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு இந்தப் பக்கம் வரட்டும் என்று கை காட்டினாராம். அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் ஊர் ஆட்டங்கள் ஆர்லண்டின் ஜிம்மில் நடந்தன. அன்றைக்கெல்லாம் வாசலில் எங்கள் பெயர்ப் பலகை தொங்கியது. ஆர்லண்ட் மாணவர்கள் தங்கள் சொந்த ஜிம்மிலேயே விருந்தாளிகள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்; எங்கள் சார்பில் பந்திக்குச் சமைத்தும் போட்டார்கள்.

இதை எட்டுப் பக்க வரலாற்றில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் அது அடக்கமாக, அழாமல் இருக்கிறது.

4

இனி வில்லன் வர வேண்டும்.

டாக்டர் ஹாலிஸ் பெம்பர்டன். ஆர்லண்ட் கல்லூரியின் புதிய தலைவர், கனெக்டிகட்டிலிருந்து வந்தவர். பணக்காரக் கல்லூரிகளின் பெரிய கூட்டமைப்பு ஒன்று ஆர்லண்டைக் கூப்பிட்டிருந்தது. இந்தப் பருவத்துக்குள் வரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கெடு.

ஆர்லண்ட் போனால் நாங்கள் ஐந்து பேர். ஆறு பேர் இருந்தால்தான் எங்கள் சாம்பியன் நேராகத் தேசியப் போட்டிக்குப் போக முடியும். அந்த வாய்ப்பு போய்விட்டால், அதற்காகவே சின்னக் கல்லூரியைத் தேடி வருகிற பிள்ளைகள் வரமாட்டார்கள். செயின்ட் ப்ரோகோப்பில் பாதிக்கு மேல் ஆட வந்த பிள்ளைகள்தான். அவர்கள் வரவில்லை என்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான். இதில் ரகசியம் ஒன்றுமில்லை, ஊரே அறிந்த கணக்கு.

முதல் வரைவில் பெம்பர்டனுக்கு மெல்லிய மீசையும் பொய்ச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். "அவர் தன் தங்கப் பேனாவைச் சுழற்றியபடி—" என்று ஒரு வரிகூட இருந்தது. அவரிடம் தங்கப் பேனா கிடையாது. அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமை, ஆட்டம் முடிந்ததும், எங்கள் ஜிம்மில் பீன்ஸும் கொத்துக்கறியும் போட்ட சில்லியும் அதற்குத் தொட்டுக்கொள்ள சினமன் ரோலும் பரிமாறினோம். காரத்துக்கு இனிப்பு ரொட்டி; இந்த ஊர்ப் பழக்கம் அது. வெளியாட்கள் முகம் சுளிப்பார்கள். அவர் கொஞ்சம் தயங்கி, பக்கத்தில் இருந்த எங்கள் பெண்ணைப் பார்த்து அவள் செய்த மாதிரியே ரொட்டியைக் கிழித்துச் சில்லியில் முக்கித் தின்றார். பிறகு இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார், அதுவும் முதல் தடவையிலேயே. ஊர்ப் பழக்கம் தெரியாத மனிதர்.

சில்லியில் ரொட்டியை முக்கித் தின்கிறவரை வில்லனாக்க எனக்குக் கை வரவில்லை. அவருக்குப் பின்னால் அறங்காவலர்கள் இருந்தார்கள், கெடு இருந்தது. மீசையை எடுத்துவிட்டேன்.

5

அது பெண்கள் கூடைப்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டம்; ஆர்லண்டிடம் நாங்கள் இரண்டு புள்ளியில் தோற்றோம். (கடிகாரத்தில் கோளாறு எதுவும் இல்லை. என்னை நம்பலாம்.) ஜிம்மின் ஒரு பாதியில் நீள மேசைகள் போட்டுப் பந்தி நடந்தது. ஆர்லண்ட் பெண், ப்ரோகோப் பெண் என்று மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். கடைசிச் சாப்பாடு என்பதால் மற்றக் கல்லூரிகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மார்லிஸ் உட்காரவில்லை. விருந்து கொடுக்கிறவள் உட்கார மாட்டாள். காபிக் குடுவையோடு நடந்துகொண்டே இருந்தாள்.

நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்த பெம்பர்டன் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"எல்லாருக்கும் நன்றி. சாப்பாடு பிரமாதம். ஒரு விஷயம் சொல்லணும். ஆர்லண்ட் இந்தப் பருவத்தோட காட்டன்வுட்டிலிருந்து விலகுது."

லோன் எல்ம்மிலிருந்து வந்திருந்த ஒரு பயிற்சியாளர், "அப்படியா," என்று சொல்லி வெண்ணெய்த் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். கேட்பதற்கு முன்பே வந்த வேண்டாம், யாரும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

மார்லிஸ் பக்கத்தில் வந்தாள். "காபி ஊத்தட்டுமா டாக்டர்? ஆர்லண்ட் எங்களோட இருக்கலாமே?"

"இல்ல மேடம், நான் தெளிவாச் சொல்லிட்டேன்னு நெனைக்கிறேன். நாங்க விலகறோம்."

"விலகறோமா?" என்று கேட்டது ஆர்லண்டின் சொந்த ஆட்டக்காரி ஒருத்தி. கையில் கரண்டி அப்படியே நின்றது. "யாரு விலகறா? நாங்களா? எங்ககிட்ட யாரும் சொல்லலையே."

"அப்புறம் பேசலாம்மா," என்றார் பெம்பர்டன். முகம் சிவந்துவிட்டது.

"அடுத்த வருஷம் கிராஸ் கன்ட்ரி ஓட்டப்பந்தயம் உங்க ஊர்லதானே?" என்று நெல்சன்வில் ஆள் ஒருவர் கேட்டார். எந்தக் கபடமும் இல்லாமல்தான் கேட்டார்.

மார்லிஸ் மறுபடியும் குடுவையைத் தூக்கினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தறேன். ரெண்டாவது தடவையா கேக்கறேன். இருக்கலாமே?"

பெம்பர்டன் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இல்லை," என்றார், கொஞ்சம் சத்தமாக. "விலகறோம். முடிஞ்சது." ஆனால் கோப்பையைக் கையால் மூடாமல் நீட்டிப் பிடித்தார். காபியை மட்டும் மறுக்கவில்லை.

ஊற்றிவிட்டு மார்லிஸ் சமையல் பக்கம் போனாள்.

6

இங்கே நான் இதுவரை எழுதாத ஆள் ஒருவர் வருகிறார். கதையில் ஆட்கள் குறைவாக இருக்கட்டும் என்று அவரை விட்டுவிட்டேன், ஆனால் அவரில்லாமல் முடியாது. டெல்மர் ஸ்விட்சர், கூட்டமைப்பின் ஆணையர், ஒரு காலத்து மல்யுத்தப் பயிற்சியாளர். கூட்டமைப்புக்கு அலுவலகம் என்று ஒன்று தனியாகக் கிடையாது, அவருடைய வேன்தான். விதிப்புத்தகத்தைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

அடுப்படிக்குப் பின்னால் போய் மார்லிஸின் கையைப் பிடித்தார். "கேக்காத."

"என்ன சொல்றீங்க?"

"ரெண்டு தடவை கேட்டாச்சு. மூணாவது தடவை கேக்காத. போய் உக்காரு. முழங்கால் வலிக்குதுன்னு சொல்லு, சாப்பிடு. அந்தாளுக்கு விதி தெரியாது. பஸ் ஏறிப் போயிடுவாரு. விலகல் செல்லாது. கெடு முடிஞ்சதும் அந்தப் பெரிய கூட்டமைப்பு வேற ஆளப் பிடிச்சுக்கும். ஆர்லண்ட் இங்கதான் இருக்கும். ஆறு பேரு. உன் பொண்ணுங்க தேசியப் போட்டிக்குப் போகலாம்."

டெல்மர் தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை. விதிப்படி எல்லாம் சரி. மார்லிஸ் உட்கார்ந்தாலே போதும். இருபத்தேழு வருஷமாக அவள் உருவாக்கிய இடம் பிழைத்துவிடும். அவளுடைய பெண்கள், அவள் சேர்த்துக்கொண்டு வந்த பெண்கள், தேசியப் போட்டித் தளத்தில் கால் வைத்து ஓடுவார்கள். முழங்கால் நிஜமாகவே வலித்தது. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே எனக்கு முடிவுகள் வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: மார்லிஸ் உட்கார்ந்துவிடுகிறாள். பஸ் கிளம்புகிறது. கூட்டமைப்பு தப்பிக்கிறது. நானும் டெல்மரும் வேனில் உட்கார்ந்து சிரிக்கிறோம். எனக்குப் பிடித்த முடிவு இது. எழுதி முடித்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இரண்டாம் முடிவு: பெம்பர்டன் மனம் உருகி, கண்கலங்கி, இருக்கிறோம் என்கிறார், பெண்கள் கைதட்டி— இந்த ஊரில் யாரும் சாப்பாட்டு மேசையில் கண்கலங்க மாட்டார்கள்.

மூன்றாம் முடிவில் வருஷங்கள் கழித்து, மூடிப்போன எங்கள் கல்லூரியின் ஜிம்மில் யாரோ தானியம் சேமித்து— இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது.

மூன்றையும் மார்லிஸிடம் வாசித்துக் காட்டினேன். முதல் முடிவைக் கேட்டதும் காபியைக் கீழே வைத்தாள்.

"அப்படி நான் செஞ்சிருந்தா, ஆர்லண்டோட அடுத்த சாப்பாட்டுல எப்படிப் போய் உக்காருவேன்? ரெண்டோட நிறுத்தினா அது விருந்து இல்ல, பொறி. அந்தப் பொண்ணு கேட்டாளே, நாங்களா விலகறோம்னு. அவ முகத்த எப்படிப் பாக்கறது?"

"கல்லூரி மூடிப்போயிருந்தா?"

"மூடிப்போச்சுன்னா காட்டன்வுட்ல இருந்த காலேஜ்னு மூடிப்போகட்டும். ஒருத்தர ஏமாத்தி வச்சிருந்த காலேஜ்னு மூடக் கூடாது." காபியை மறுபடி எடுத்துக்கொண்டு, "முழங்கால் பத்தி எழுதினத எடுத்துடாதீங்க," என்றாள்.

7

ஆகவே அன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மார்லிஸ் அடுப்படியிலிருந்து வந்தாள். டெல்மர் பின்னால் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். பந்தி முடியும் நேரம். ஆர்லண்ட் பெண்கள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. நான் மேசையின் கடைசியில் கடிகாரச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெம்பர்டன் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

"டாக்டர், ஒரு நிமிஷம் உக்காருங்க. உங்களுக்குத் தெரியாத விதி ஒண்ணு இருக்கு," என்றாள் மார்லிஸ். "இங்க விலகறதுன்னா நாங்க மூணு தடவை கேக்கணும். ரெண்டு கேட்டாச்சு. மூணாவது தடவை கேக்கலைன்னா நீங்க சொன்னது செல்லாது, நீங்க இன்னொரு வருஷம் இருந்தாகணும். இது உங்களுக்குத் தெரியணும்னுதான் சொல்றேன்."

பெம்பர்டன் உட்கார்ந்தார். நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். அவர் கண்களில் அப்போது ஒன்று புரிந்த மாதிரி இருந்தது: சுற்றியிருந்தவர்கள் இவ்வளவு நேரம் தன்னைக் கேலி செய்யவில்லை, தான் என்ன சொன்னாலும் தனக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கட்டும் என்று காத்திருந்தார்கள் என்று. (நான் ஊகிக்கிறேன். என் ஊகத்தை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.)

பெண்கள் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். டெல்மர் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். நூறு வருஷக் கூட்டமைப்பின் பெருமை முழுவதும் அந்த நிமிஷத்தில் மார்லிஸின் வலிக்கிற முழங்காலின் மேல் நின்றுகொண்டிருந்தது. அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். சாய்ந்தாலும் நிமிர்ந்தே நின்றாள்.

"மூணாவது தடவையா கேக்கறேன்," என்றாள். "முதல் ரெண்டு தடவை நீங்க சொன்னது மரியாதைக்குச் சொன்னதுன்னு வச்சிக்கிட்டோம். இப்போ நீங்க எது சொன்னாலும் அதுதான் பதில். உங்க மேல எங்கள்ல ஒருத்தருக்கும் வருத்தம் இருக்காது. ஆர்லண்ட் எங்களோட இருக்குதா, இல்ல கிளம்புதா?" பிறகு, கொஞ்சம் மெதுவாக: "எதுவா இருந்தாலும் தட்டக் கழுவிட்டுத்தான் பஸ் ஏறணும்."

அவர் பதில் சொன்னார். அது விழா மலரின் எட்டாம் பக்கத்தில், ஒரே ஒரு வரியில், ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை எழுதியதும் நான்தான்.

இங்கே எழுத மாட்டேன். அவர் இருக்கிறோம் என்று சொன்னார் என்று எழுதினால் மார்லிஸைக் கெட்டிக்காரி என்பீர்கள். எப்படியும் அவர் இருந்துவிடுவார் என்று தெரிந்துதான் கேட்டாள் என்பீர்கள். கிளம்புகிறோம் என்று சொன்னார் என்று எழுதினால் ஏமாளி என்பீர்கள். அவள் கெட்டிக்காரியும் இல்லை, ஏமாளியும் இல்லை. பதில் என்னவென்று தெரியாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தேவையும் இல்லாமல், கேட்க வேண்டியதைக் கேட்டவள். அந்தப் பெருமையை அடுத்த வரி எதுவாக இருந்தாலும் பிடுங்கிக்கொள்ளும். அதனால் அந்த வரியை நான் எழுதவில்லை.

மார்லிஸ் காபிக் குடுவையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறாள். பதிலை நீங்கள் சொல்லுங்கள். எதுவானாலும் அவள் கோப்பையை நிரப்புவாள்.